பி குரோமோசோம் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயம் வெளுத்துப்போவது, செல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவது போன்றவை கைப்பழக்கத்தில் சரியாகிவிடும். ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களிடம் மீண்டும் மீண்டும் நான் காண்பவை பொருள்கொள்வதில் நேரும் பிழைகள். ஓர் இனப் பூச்சிகளுள் சிலவற்றில் மட்டும் இருக்கும், இல்லாவிடினும் வாழ்வுக்குக் குறை வராத, பி குரோமோசோம்கள் என இன்று அழைக்கப்படும் மிகைக் குரோமோசோம்களை 1907-இல் எட்மண்ட் வில்சன் விவரித்த காலத்திலிருந்தே அவை ஆய்வாளரைக் குழப்பி வருகின்றன.

இன்றியமையாதது அன்று, ஆகவே தீங்கற்றது எனக் கொள்வது

நாசோனியா விட்ரிபென்னிஸ் என்னும் ஒட்டுண்ணிக் குளவியில் கருவுற்ற முட்டை பெண்ணாகவும் கருவுறாதது ஆணாகவும் வளரும். சில ஆண்களின் விந்தணுவில் வரும் பிஎஸ்ஆர் என்னும் பி குரோமோசோம், முட்டைக்குள் சென்றதும் தன்னைச் சுமந்து வந்த தந்தையின் ஐந்து குரோமோசோம்களையும் அழியச் செய்து, தான் மட்டும் தப்பிக்கொள்கிறது. பெண்ணாக வேண்டிய முட்டை, தாயின் குரோமோசோம்களோடு பிஎஸ்ஆரையும் தாங்கிய ஆணாகிவிடுகிறது.

ஓர் ஆய்வகத்தில் ஒரு மாணவரின் கலப்புகளில் ஆண்களே பிறந்தன. இணைசேராத தாயும் ஆண்களையே ஈனும் என்பதால், 'இணைசேரவில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதே ஆண்களை அடுத்தடுத்த கன்னிப் பெண்களோடு விட்டார். நெடுங்காலம் பேணப்பட்ட வளர்ப்பு வரிசை பெண்களின்றி அற்றுப்போனது. தாயின் விந்துப்பையைத் திறந்து விந்தணு உள்ளதா என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும்! பிறந்த ஆண்களைத் தூய வரிசைப் பெண்களோடு சேர்த்தபோதும் பல கலப்புகளில் ஆண்களே பிறந்தால் பிஎஸ்ஆரை ஐயுற வேண்டும். பூச்சிகளின் செல்களுக்குள் வாழும் வோல்பாக்கியா பாக்டீரியாவால் விந்தணுவுக்கும் முட்டைக்கும் இடையே நேரும் பொருந்தாமையிலும் ஆண்கள் மட்டுமே பிறக்கலாம். ஆனால் அந்த மகன்கள் அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதில்லை.

எக்ஸைப் பி என எண்ணுவது

ஆண் வெட்டுக்கிளிக்கு எக்ஸ் என்னும் பால் குரோமோசோம் ஒன்றே உண்டு, ஒய் இல்லை. ஆகவே துணையின்றி நிற்பது பி அன்று, எக்ஸாக இருக்கலாம். லோகஸ்டா மைக்ரடோரியா என்னும் வெட்டுக்கிளியில் பி நீங்கலாக ஆணுக்கு 23 குரோமோசோம்கள், பெண்ணுக்கு 24.

ஒரே விந்தக நுண்குழலோடு நிறுத்துவது

லோகஸ்டாவில் பி எண்ணிக்கை குழலுக்குக் குழல் மாறும்.

ஒரு காலத்து நிலையை என்றும் உள்ளதெனக் கருதுவது

பி குரோமோசோம்களை ஒட்டுண்ணிகளாகக் காணும் கருத்தை 1945-இல் ஸ்வீடன் மரபியலாளர் ஆஸ்டர்கிரென் முன்வைத்தார். அதையே எல்லாவற்றுக்கும் முத்திரையாகக் குத்துவது அவசரம். யூப்ரெப்போக்னெமிஸ் பிளோரன்ஸ் வெட்டுக்கிளியில், வழக்கமான மரபு விகிதத்துக்கு மிஞ்சி அடுத்த தலைமுறைக்குப் பரவும் ஆற்றலை ஒரு பி இழந்து நடுநிலையாவதும் உண்டு. ஸ்பெயினின் டொரொக்ஸில் அவ்வாறு தளர்ந்த பி2 என்னும் வகையின் இடத்தை, அவ்வாற்றல் கொண்ட பி24 என்னும் புதிய வகை பிடித்துக்கொண்டது.