விர்ச்சுவல் மெஷினும் ஹோஸ்ட்டும் பேசிக்கொள்ள இரண்டு அடாப்டர்

ஒரு நிஜக் கணினிக்குள் (ஹோஸ்ட்) இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டுவது விர்ச்சுவல்பாக்ஸ். அதில் புதிதாக உருவாக்கும் மெஷினுக்கு (கெஸ்ட்) தானாகக் கிடைப்பது நாட் இணைப்பு, அதாவது ஹோஸ்ட்டின் முகவரியைப் பகிர்ந்து வெளியே போகும் முறை. உள்ளே இணையம் ஓடும். ஆனால் ஹோஸ்ட்டிலிருந்து மெஷினின் முகவரியான 10.0.2.15-க்குப் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போட்டால் பதில் வராது. நாட் முறையில் ஒவ்வொரு மெஷினும் தனக்கென ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. எல்லா மெஷினுக்கும் அதே 10.0.2.15 வருவதும் அதனால்தான். எதிர்த்திசையில், உள்ளிருந்து பார்த்தால் 10.0.2.2 என்பது ஹோஸ்ட்டைக் குறிக்கும்.

எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை வரியில் நுழையும் வழி) மட்டும் போதும் என்றால் போர்ட் ஃபார்வர்டிங் (ஹோஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதை மெஷினுக்குத் திருப்புவது) போதுமானது. ஹோஸ்ட் ஐபி 127.0.0.1 (ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி), ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22. ஹோஸ்ட் ஐபியைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்கும் அந்தக் கதவு திறந்துவிடும்.

டேட்டாபேஸ், வெப் சர்வர் என்று நான்கைந்து சேவைகள் ஓடினால் இரண்டு அடாப்டர் வைப்பதே நல்லது. ஒன்று இணையத்துக்கு, மற்றது ஹோஸ்ட்டுக்கு. விண்டோஸ் அல்லது லினக்ஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் மேனேஜரைத் திறந்து ஹோஸ்ட்-ஒன்லி (ஹோஸ்ட்டும் மெஷின்களும் மட்டும் பேசிக்கொள்ளும் நெட்வொர்க்) பகுதியைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் ஒன்று உருவாக்குங்கள். ஹோஸ்ட்டுக்கு வழக்கமாக 192.168.56.1 அமையும், முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி 192.168.56.101 முதல் 254 வரை கொடுக்கும். பிறகு மெஷினை அணைத்துவிட்டு, அதன் செட்டிங்ஸில் அடாப்டர் 1-ஐ நாட் ஆகவே விட்டு, அடாப்டர் 2-ஐ இயக்கி ஹோஸ்ட்-ஒன்லியைத் தேர்ந்தெடுங்கள்.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். உபுண்டு சர்வரில் முதல் அடாப்டர் ஈஎன்பி0எஸ்3, இரண்டாவது ஈஎன்பி0எஸ்8 என்று தெரியும். நிறுவிய பிறகு சேர்த்த அடாப்டர் நெட்பிளான் கோப்பில் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கோப்பு) இருக்காது. அதனால் ஐபி கிடைக்காமல் கிடக்கும். அந்தக் கோப்பில் ஈஎன்பி0எஸ்8-க்கு 192.168.56.10/24 என்று நிலையான முகவரி எழுதுங்கள். 10 என்பது டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே இருப்பதால் மோதல் வராது. உள்தள்ளலுக்கு டேப் கூடாது, ஸ்பேஸ் மட்டுமே. இந்த அடாப்டருக்கு கேட்வே (வெளியே போகும் வழியின் முகவரி) எழுதவே கூடாது: எழுதினால் இணையப் போக்குவரத்து வெளியே வழியில்லாத இந்தப் பக்கம் திரும்பி, சற்றுமுன்வரை ஓடிய அப்டேட் நின்றுபோகும். மாற்றத்தை ‘நெட்பிளான் ட்ரை’ மூலம் சோதியுங்கள். 120 விநாடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு திரும்பிவிடும்.

லினக்ஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 பதிப்பிலிருந்து 192.168.56.0/21-க்கு (192.168.56.0 முதல் 192.168.63.255 வரை) வெளியே உள்ள முகவரிகளை ஹோஸ்ட்-ஒன்லி ஏற்காது. வேறு வரம்புதான் வேண்டும் என்றால் அதை ஈடிசி-க்குள் விபாக்ஸ் அடைவில் உள்ள நெட்வொர்க்ஸ்.கான்ஃப் கோப்பில் (/etc/vbox/networks.conf) எழுத வேண்டும்.

பிரிட்ஜ் முறையை (மெஷினை நேராக வெளி நெட்வொர்க்கில் இணைப்பது), வீட்டிலோ அலுவலகத்திலோ உள்ள மற்ற கணினிகளும் மெஷினை அணுக வேண்டும் என்றால் மட்டும் எடுங்கள். கேபிளில் நன்றாக ஓடும். வைஃபையில் அடிக்கடி மக்கர் செய்யும், ஏனென்றால் ஒரு இணைப்புக்கு ஒரே மேக் முகவரியைத்தான் (நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்) ஆக்சஸ் பாயின்ட் எதிர்பார்க்கிறது. கேவிஎம் (லினக்ஸிலேயே உள்ள விர்ச்சுவல் மெஷின் வசதி) பயன்படுத்துவோர் மேக்விடாப் முறையில் (அங்கே பிரிட்ஜ் போல மெஷினை வெளி நெட்வொர்க்கில் இணைப்பது) ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியுலகம் எட்டும், ஹோஸ்ட் மட்டும் எட்டாது. அது பிழையல்ல, அதன் அமைப்பே அப்படி.

பிங் போகவில்லை என்றதும் எல்லாவற்றையும் கலைத்துவிடாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே பிங்கைத் தடுக்கும்; எதிர்த்திசையில் முயன்று பாருங்கள். பிங் போய், சேவை மட்டும் திறக்காவிட்டால் அது 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கலாம். ‘எஸ்எஸ் -டிஎல்என்’ (ss -tln) கட்டளையில் பாருங்கள். அப்படி இருந்தால் சேவையின் அமைப்பில் 192.168.56.10 என்று மாற்றுங்கள்.

குளோன் செய்த இரண்டு மெஷின்கள் டிஹெச்சிபியில் ஒரே ஐபி வாங்கினால், முதலில் மேக் முகவரி புதிதா என்று பாருங்கள். அது வேறாக இருந்தும் ஐபி ஒன்றாகவே வந்தால் காரணம் மெஷின்-ஐடி (ஒவ்வொரு நிறுவலுக்கும் உள்ள அடையாள எண்): உபுண்டு சர்வர் அதை வைத்தே முகவரி கேட்கிறது. குளோனில் ஈடிசி-க்குள் உள்ள மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்து ரீபூட் செய்தால் புதிய அடையாளம் உருவாகும்.