பழைய தேக்கு நாற்காலிக்குப் புதுப் பிரம்பு வலை

பினாங்கில் 1960களில் கட்டிய வரிசை வீடு உங்களுடையது என்றால், மிட்-செஞ்சுரி மாடர்ன் என்னும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி எளிய பாணியின் அழகில் பாதி ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கும். தெராசோ தரை (பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் பதித்து மெருகேற்றியது), காற்றோட்டக் கற்கள், கண்ணாடிப் பட்டை ஜன்னல் எல்லாம் அந்தக் காலத்துப் பாணிதான். தயவுசெய்து தெராசோவின் மேல் வினைல் ஒட்டிவிடாதீர்கள். வினிகரும் கழிவறை அமிலமும்கூட அதற்கு ஆகாது. தெராசோவில் உள்ள பளிங்குச் சில்லுகளை அமிலம் அரித்து, தரையை மங்கச் செய்துவிடும்.

அந்தத் தரைக்கு ஏற்ற ஒரு நல்ல நாற்காலி போதும். பினாங்கின் லோரோங் கூலிட் காலைச் சந்தை மாதிரியான இடங்களில் பழைய தேக்கு நாற்காலி கண்ணில் பட்டால் முதலில் புரட்டிப் பாருங்கள். ஊசித் துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் உள்ளே பூச்சி இருக்கலாம், வாங்க வேண்டாம். பிரம்பு கிழிந்திருப்பது பெரிய குறை இல்லை. சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது, அதற்குக் கைதேர்ந்தவர் வேண்டும். சட்டத்தில் பள்ளம் வெட்டி, வலையின் ஓரத்தை அதில் பிடித்து வைக்கப் பிரம்புக் குச்சியை இறக்கியிருந்தால் நீங்களே மாற்றலாம்.

பழைய வலையை வெட்டி எடுத்துவிட்டு, குச்சியின் இரு ஓரமும் கத்தியால் கீறுங்கள். கீறாமல் நெம்பினால் தேக்கின் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும். பழைய பசை பிடி தளராவிட்டால் வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் போட்டு, ஒடுக்கமான உளியால் மெல்ல எடுங்கள். பள்ளத்தில் பழைய பசை துளியும் மிஞ்சக் கூடாது.

புது வலையைப் பள்ளத்துக்கு வெளியே நாலு பக்கமும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். புதுக் குச்சிக்கு அரை மணி போதும். உள்ளே வலையும் இருக்கும் என்பதால் குச்சி பள்ளத்தைவிடச் சற்று மெல்லியதாக இருக்கட்டும்.

பளபளப்பான பக்கம் மேலே வரும்படி விரித்து, வலையின் கோடு முன்சட்டத்துக்கு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பின்பக்க நடுவில் ஒரு மர ஆப்பு, எதிரே முன்பக்க நடுவில் ஒன்று, பிறகு இரு பக்கமும், மூலைகள் கடைசியில். இங்கேதான் பலர் தவறுவார்கள். ஈர வலையை முழு பலத்தோடு இழுக்க வேண்டாம். காயும்போது அது தானே சுருங்கி இறுகும். முன்பே இறுக்கிவிட்டால் பள்ளத்தின் ஓரத்தில் இழை அறுந்துவிடும். தொய்வில்லாமல் தட்டையாக இருந்தாலே போதும்.

மிச்ச வலையைப் பள்ளத்தின் வெளிச் சுவரோரம், மேல்மட்டத்துக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆப்புகளைக் கழற்றிக்கொண்டே மெல்லிய கோடாக வெள்ளை மரப்பசை விட்டு, குச்சியை வைத்து, மேலே ஒரு மரக்கட்டை கொடுத்துச் சுத்தியால் தட்டி இறக்குங்கள். வழியும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். நிழலில் காற்றோட்டமாக 2 நாள், மழைக்காலத்தில் 3 நாள் காயட்டும். அதுவரை யாரும் உட்காரக் கூடாது.

கெட்டித் தேக்குச் சட்டத்தை 240ஆம் எண் உப்புத்தாளால் இழையோடு தேய்த்து, தேக்கு எண்ணெய் மெல்லப் பூசி, 15 நிமிடத்தில் துடையுங்கள். வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகையில் இப்படித் தேய்த்தால் கீழ்மரம் தெரிந்துவிடும். எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், குவிந்து கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம்.

மாதங்கள் கழித்து வலை தொய்ந்தால் ஈரத் துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து ஓர் இரவு விடுங்கள், மறுபடி இறுகிவிடும்.