கதிர்பட்ட தோற்கலத்தில் டி.என்.ஏ. திருத்தத்தை எண்ணிப் பார்ப்பது எப்படி

1 கிரே (கதிர் அளவின் அலகு) எக்ஸ் கதிர் பட்ட மனிதத் தோற்கலம் ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் சேர்ந்து அறுந்த முறிவுகள் ஏறத்தாழ 35 உண்டாகும். முறிவைச் சுற்றியுள்ள எச்2ஏஎக்ஸ் புரதத்தில் ஏ.டி.எம். நொதியம் சில நிமிடங்களிலேயே பொஸ்பேற்றைச் சேர்த்துவிடும். அந்த இடத்தைப் பிறபொருளெதிரி கொண்டு ஒளிரவைத்தால் நுணுக்குக்காட்டியில் புள்ளியாகத் தெரியும். முறிவு மூட மூடப் புள்ளியும் மறையும்.

தோல் பைபிரோபிளாஸ்ட் (இணைப்பிழையக்) கலங்களை 24 குழித் தட்டில், 13 மி.மீ. வட்டக் கண்ணாடித் துண்டுகளின் மேல் வளருங்கள். இடைவெளியின்றி நிரம்பிய பிறகும் இரண்டு மூன்று நாள் விடுவது அவசியம். பிரிந்துகொண்டிருக்கும் கலம் டி.என்.ஏ.யைப் பிரதிசெய்யும்போது கதிர் படாமலே புள்ளி காட்டும். கணக்கு அங்கேயே கெட்டுவிடும். பிரிவு நின்ற கலத்தில் அறுந்த முனைகளைக் கூ புரதம் பிடிக்க, லிகேஸ் 4 நொதியம் நேரடியாக ஒட்டுகிறது.

கொழும்பில் இந்தச் சோதனையைக் கெடுப்பது பெரும்பாலும் வீதிதான். ஆய்வுகூடம் கொழும்பு 3இல், கதிர்க்கருவி மஹரகம பக்கம் என்றால் நடுவில் ஹைலெவல் வீதி நெரிசல் இருக்கிறது. கலம் சூடாக இருந்தால் ஓட்டோவுக்குள்ளேயே திருத்தம் தொடங்கிவிடும். முதல் அரைமணி நேரத்தில் மூடும் முறிவுகளே மிக அதிகம். ஆகவே தட்டைப் பனிக்கட்டியில் வைத்துக் கதிர் கொடுங்கள். 30 நிமிடத் திருத்தத்தைப் பார்ப்பதற்கான தட்டை மட்டும் அங்கேயே 37 பாகை ஊடகத்துக்கு மாற்றி, நேரம் வந்ததும் அங்கேயே நிலைப்படுத்துங்கள். மற்றவை பனிக்கட்டியோடு திரும்பட்டும். சூடான ஊடகம் ஊற்றும் கணத்திலிருந்து 2, 6, 24 மணி நேரத்தைக் கணக்கிட்டு அவற்றை நிலைப்படுத்துங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குளிரில் கிடந்தால் கலங்கள் கண்ணாடியை விட்டுக் கழலக்கூடும். கதிர் படாத ஒப்பீட்டுத் தட்டும் அதே பெட்டியில் போய்வர வேண்டும்.

மருத்துவமனைக் கதிர்க்கருவியின் 6 மெகாவோல்ட் கற்றையின் உச்ச அளவு சுமார் 1.5 செ.மீ. ஆழத்தில்தான் கிடைக்கும். சில மில்லிமீற்றர் ஊடகத்தின் கீழுள்ள கலத்துக்கு நேரே மேலிருந்து அடித்தால் குறித்த அளவு போய்ச்சேராது. தட்டின் அடியில் நீரைப் போலவே கதிரை உறிஞ்சும் பலகை வைத்துக் கீழிருந்து கற்றை வரச்செய்யும்படி மருத்துவப் பௌதிகவியலாளரிடம் கேளுங்கள்.

நிறமூட்டலில் வரிசை இது: புதிதாகக் கலந்த 4% பராபோர்மல்டிகைட்டில் 15 நிமிடம் (நிலைப்படுத்தல் இதுதான்), பி.பி.எஸ். (பொஸ்பேற்று உப்புக்கரைசல்) கழுவல் மூன்று, கலமென்சவ்வைத் துளைக்கும் 0.3% டிரைட்டனில் 10 நிமிடம், 3% பி.எஸ்.ஏ.யில் (மாட்டுச் சீரப் புரதம்) 1 மணித்தியாலம். பி.எஸ்.ஏ.க்குப் பதிலாகப் பால்மா வேண்டாம். பாலின் கேசினிலேயே பொஸ்பேற்று இருப்பதால் பின்னணி கூடும். பொஸ்பேற்றேறிய எச்2ஏஎக்ஸைப் பிடிக்கும் முதலாம் பிறபொருளெதிரியை 1:500 கலந்து பரபிலிம் (மெழுகுத் தாள்) மேல் 30 மைக்ரோலீற்றர் துளியாக வைத்து, கலமுள்ள பக்கம் கீழே வரக் கண்ணாடியைக் கவிழ்த்து, ஈரத்தாள் வைத்த மூடிய பெட்டியில் இரவு முழுதும் 4 பாகையில் விடுங்கள். குளிரூட்டிக் காற்று நேரே பட்டு விளிம்பு உலர்ந்தால் அங்குள்ள கரு எல்லாம் பளிச்சென்று மின்னும், அவற்றை எண்ணக்கூடாது. மறுநாள் அதைப் பிடிக்கும் ஒளிரும் இரண்டாம் பிறபொருளெதிரி 1 மணித்தியாலம் இருட்டில், பிறகு கருவை நிறமூட்டும் டாப்பி.

எந்தத் தட்டு எதுவென்று அறியாத ஒருவர் தட்டொன்றுக்கு 50 கருவாவது எண்ண வேண்டும். புள்ளியாகப் பிரியாமல் கரு முழுதும் ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் சாகும் கலம். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் 35ஐ விடக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே அளவை 1 கிரேக்கு மேல் கூட்டாதீர்கள்.

24 மணி நேரத்தில் எண்ணிக்கை ஒப்பீட்டுத் தட்டை நெருங்க வேண்டும். இரண்டிலும் புள்ளி கூடியிருந்தால் பலமுறை பிரித்து வளர்த்து முதிர்ந்த கலங்கள் என்று கொள்ளுங்கள். கதிர் பட்டதில் மட்டும் தங்கியிருந்தால் திருத்தத்தில் குறை. லிகேஸ் 4, ஆர்ட்டெமிஸ் அல்லது ஏ.டி.எம். பழுதான கலங்கள் அப்படிக் காட்டும். தொடக்கத்தில் புள்ளி தோன்றியதை வைத்து ஏ.டி.எம். நலமென்று எழுதிவிடாதீர்கள். அது இல்லாத கலத்திலும் டி.என்.ஏ.-பி.கே. நொதியம் அதே பொஸ்பேற்றைச் சேர்க்கும்.