புளிப்பு மாமரத்தை அறுத்துக் கறுத்தக்கொழும்பான் ஆக்கிய முறை

கிளிநொச்சியில் எங்கள் வளவின் பின்புறம் நின்ற முதிர்ந்த மாமரம் நார் நிறைந்த புளிப்புப் பழங்களையே தந்தது; அவற்றிலும் பெரும்பகுதி எட்டாத உயரத்தில் குரங்குகளுக்கும் வௌவால்களுக்கும் போயிற்று. வேரோடு தோண்டிவிட்டுப் புதுக் கன்று நடும்படி அயலவர்கள் சொன்னார்கள். ஆனால் வன்னியின் நீண்ட கோடையில் ஆழத்து ஈரத்தைத் தேடிப் பழகிய வேரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அழிக்க வேண்டியது மேற்பகுதியை மட்டுமே; மீந்த அடியில் இனிப்பான மாவினமான கறுத்தக்கொழும்பானை ஒட்டிவிடலாம்.

வேருக்கு உணவூட்ட ஒரு தாழ்ந்த கிளையை விட்டு, அடிமரத்தை இடுப்பளவு உயரத்தில், மழைநீர் வழியும்படி சாய்வாக அறுத்தேன். 1 கிலோ மயில்துத்தமும் (செப்பு சல்பேற்று) 1 கிலோ சுண்ணாம்பும் 10 லீற்றர் நீரில் கரைத்த பசையை வெட்டுவாயில் பூசினேன். கொத்தாக வெடித்த துளிர்களில் திடமான சிலவற்றை மட்டும், சுற்றிவர இடைவெளி இருக்கும்படி வளரவிட்டேன்.

அவை பென்சில் பருமனானதும் நுனியை வெட்டி, நடுவே பிளந்து, கறுத்தக்கொழும்பான் மரத்திலிருந்து எடுத்து ஆப்புப்போல் சீவிய ஒட்டுத்தடியை, அதாவது ஒட்டுவதற்கான சிறு கிளைத்துண்டை, செருகிப் பொலித்தீன் நாடாவால் இறுக்கினேன். ஒட்டுத்தடியைத் தெரிவுசெய்வதில்தான் முழு வேலையின் உயிரும் இருக்கிறது: ஒரு வாரத்துக்கு முன்பே காம்பை விட்டு இலைகளை நறுக்கி, நுனிமொட்டு பருத்தும் விரியாமலும் இருக்கும் நிலையில் எடுக்க வேண்டும். பட்டைக்குக் கீழுள்ள பச்சைப் படை ஒரு பக்கமாவது பொருந்தாவிட்டால் ஒட்டு கறுத்துவிடும்.

ஒட்டுகள் படர்ந்து நிழல் தந்த பின், விட்டுவைத்த கிளையையும் அறுத்தேன். இப்போது கையெட்டும் உயரத்திலேயே கறுத்தக்கொழும்பான் பறிக்கிறோம். ஒட்டுக்குக் கீழே முளைப்பவை பழைய புளிப்பு மரத்தின் துளிர்களே என்பதால், அவற்றை மாத்திரம் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும்.