பழைய சீருடையா? டார்ச் அடித்துப் பாருங்கள்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ‘ஜப்பான்காரன் காலத்துச் சீருடை’ (மலாயாவை ஜப்பான் பிடித்துவைத்திருந்த 1941–45 காலம்) என்று எதையாவது நீட்டினால், விலை பேசும் முன் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச்சைத் தையல் நூலின்மீது அடியுங்கள். நூல் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் பெரும்பாலும் புதுச்சரக்குதான். துணியையும் நூலையும் வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வு ரசாயனங்கள் 1945-க்குப் பிறகுதான் பரவலாகின. தோள் சின்னத்தின் பின்புறத்தையும் பாருங்கள். தேயிலைச் சாயம் போட்டுப் பழசாக்குபவர்கள் நூலைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

ஆனால் இன்றைய சலவைத்தூளில் துவைத்த அசல் சீருடையும் ஒளிரும். ஒளிரவில்லை என்பதற்காக அது அசலாகியும்விடாது. உலோகப் பதக்கங்களுக்கும், 1948–60 மலாயா அவசரகாலத்துச் சீருடைகளுக்கும் இந்தச் சோதனை உதவாது.