அதே மருத்துவரிடம் மீண்டும் வரும் குழந்தை

பயிற்சி மருத்துவர்கள் அடிக்கடி பிரிவு மாறுவதால், குழந்தையின் நோய் வரலாற்றை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய களைப்பு பெற்றோருக்கே வந்து சேர்கிறது. இதைத் தவிர்க்க, பயிற்சி மருத்துவரான நீங்கள் முதல் சந்திப்பிலேயே பெற்றோரிடம் உங்கள் பெயரைச் சொல்லி, வெளிநோயாளர் பிரிவில் நீங்கள் இருக்கும் கிழமையைக் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் அறையை விட்டுப் போவதற்கு முன்பே, அடுத்த வருகையை அந்தக் கிழமையில் குறித்துவிடுங்கள்.

எடை, உயரம், தலைச் சுற்றளவு, தடுப்பூசி விவரம் ஆகியவை நோய்க்குறிப்பில் எப்படியும் இடம்பெறும். விடுபடுபவை வேறு: காதைப் பரிசோதிக்கும் கருவியைக் கண்டதும் அழுத குழந்தை, அதைக் கையில் வாங்கித் தாயின் காதில் வைத்துப் பார்த்த பிறகு அமைதியானது என்பதும், இரவில் மீண்டும் வலிப்பு வந்துவிடுமோ என்று தந்தை உறங்காமல் விழித்திருக்கிறார் என்பதும் யாருடைய குறிப்பிலும் இருப்பதில்லை. இந்த இரண்டு வரிகளை நான் பரிசோதனை முடிவுகளுக்கு இணையாகவே மதிக்கிறேன்.

பணியிடம் மாறும்போது நோய்க்குறிப்புக் கோப்பை மட்டும் ஒப்படைக்காமல், இயன்றால் புதிய மருத்துவரைக் குடும்பத்தினரிடம் நேரில் அறிமுகப்படுத்தி, இன்னும் முடிவு வராத பரிசோதனைகளை அவர்களும் கேட்கும்படி அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மேற்பார்வையிடும் மூத்த மருத்துவர் தொடர்ந்து அங்கேயே இருப்பாரெனில், அவர் பெயரையும் குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள்.