கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் வரை: கைக்குழந்தையும் கார் சீற்றும்

கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, குழந்தையை இருத்தும் கார் சீற்றைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான். கொண்டு போங்கள். ஆனால் இங்கே உங்கள் காரில் பூட்டியிருக்கும் சீற் அங்கே உதவாமல் போகலாம். அங்கே ஏறப்போகும் வாகனத்தைப் பார்த்துத்தான் சீற்றைத் தெரிவு செய்ய வேண்டும். இதை நான் கட்டுநாயக்க விமான நிலைய வாகனத் தரிப்பிடத்தில், விடிகாலையில், பதினொரு மாத மகள் வீரிட்டு அழுதுகொண்டிருக்கும்போது கற்றுக்கொண்டேன்.

வந்த வான் நல்ல வான்தான். குளிரூட்டி இருந்தது, பிள்ளையார் இருந்தார், ஆசனங்களுக்குத் தடித்த உறையும் போட்டிருந்தார்கள். பெல்ற்றைத்தான் காணவில்லை. சாரதித் தம்பி உறையைக் கழற்றி, மெத்தைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, கச்சான் தோலோடும் இரண்டு ரூபாய்க் குற்றியோடும் பெல்ற்றின் பூட்டை வெளியே எடுத்தார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று. அதனால் வான் பதிவு செய்யும்போதே இரண்டாவது வரிசை ஆசனத்தில் பெல்ற்றை மாட்டி, அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “எல்லாம் இருக்கிறது அண்ணை” என்ற பதில் போதாது. இடுப்போடு மட்டும் கட்டும் பெல்ற்றா, தோளுக்கு மேலாகவும் வரும் பெல்ற்றா என்று படத்தில் தெரிய வேண்டும். மற்ற எல்லாமே அதைப் பொறுத்தது.

இங்கிலாந்திலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்129 என்ற புதிய குழந்தைச் சீற் பாதுகாப்பு விதிப்படி வந்த சீற்றுகள் சிலவற்றை கார் ஆசனத்தின் இடுக்கில் பதித்திருக்கும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மட்டுமே பூட்டலாம், பெல்ற்றால் கட்டவே முடியாது. 2012க்குப் பிறகு செய்யப்பட்ட ஜப்பானியக் கார்களில் அந்தக் கொக்கி இருக்கும். சித்தப்பாவின் ஆக்சியோ காரில் கிடைக்கலாம், வாடகை வானில் எதிர்பார்க்க வேண்டாம். பெல்ற்றால் கட்டக்கூடிய சீற்றாகக் கொண்டு போங்கள். ஐரோப்பியக் கைக்குழந்தைச் சீற்றுகள் பெரும்பாலும் தோள் பெல்ற்றையும் கேட்பவை, இடுப்புப் பெல்ற் மட்டும் உள்ள ஆசனத்தில் அவற்றைக் கட்டக் கூடாது.

கனடா, அமெரிக்கச் சீற்றுகளின் கதை வேறு. பின்நோக்கி, அதாவது குழந்தையின் முகம் வாகனத்தின் பின்பக்கம் பார்க்க வைக்கும்போது, இடுப்புப் பெல்ற் மட்டும் போதும் என்று அவற்றில் பலவற்றின் பக்கத்து ஒட்டியில் எழுதியிருக்கும். பழைய வான்களில் இது பெரிய வசதி. சிக்கல் தோள் பெல்ற்றில்தான் வருகிறது. கனடா, அமெரிக்கக் கார்களில் பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்து விட்டால் ‘கிறுகிறு’ என்ற சத்தத்தோடு உள்ளே போகும்போதே பூட்டிக்கொள்ளும். இலங்கையில் பல வாகனங்களில் அந்தப் பூட்டு கிடையாது. சடுதியாக நிறுத்தினால் மட்டும் பிடிக்கும், மற்ற நேரம் தளர்ந்தே இருக்கும். நான் பெல்ற் பழுது என்று சாரதியோடு வாதாடினேன். பழுது என் அறிவில்தான். இதற்கென்றே லொக்கிங் கிளிப் என்று ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் ஒரு இரும்புத் துண்டு உண்டு. சில சீற்றுகளின் பின்பக்கத்திலேயே அது செருகியிருக்கும், நாங்கள் கவனிப்பதில்லை. பெல்ற்றை இறுக்கிவிட்டு, பூட்டின் நாக்கிலிருந்து இரண்டரை சென்றிமீற்றருக்குள் இடுப்புப் பட்டியையும் தோள் பட்டியையும் சேர்த்து இந்தக் கிளிப்பைப் போட வேண்டும். சீற்றிலேயே பெல்ற்றைக் கவ்வும் பூட்டு இருந்தால் இது தேவையில்லை. புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் உங்கள் காரிலேயே, கொக்கிகளையும் தானியங்கிப் பூட்டையும் பயன்படுத்தாமல் ஒருமுறை கட்டிப் பாருங்கள்.

கைக்குழந்தைச் சீற்றின் கீழே காரில் பூட்டியிருக்கும் அடித்தளத்தை வீட்டிலேயே விட்டுவிடலாம், பல சீற்றுகளை அது இல்லாமலே பெல்ற்றால் கட்டலாம். விமானத்தில் குழந்தைக்குத் தனி இருக்கை எடுத்திருந்தால், விமானத்தில் பாவிக்கலாம் என்று சீற்றில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொதிகளோடு அனுப்புவதானால் அது வந்த பெட்டியிலேயே பொதி செய்வது நல்லது. ஊரில் யாரோ தரும் பழைய சீற்றை வாங்க வேண்டாம். அது விபத்தில் பட்டதா, காலாவதியானதா என்று தெரியாமல் அதில் குழந்தையை இருத்துவதில் அர்த்தமில்லை.

வானில் கதவோரம் மடக்கி விரிக்கும் சின்ன ஆசனம் இருக்கும், அதில் வைக்கக் கூடாது. முன் ஆசனத்தில் காற்றுப்பை இருந்தால் அங்கே பின்நோக்கிய சீற்றை எந்தக் காரணத்துக்காகவும் வைக்க வேண்டாம், விரியும் பை குழந்தையின் தலைப்பக்கத்தில்தான் அறையும். இரண்டாவது வரிசையில் நிலையான ஆசனம் எதுவோ அதுவே இடம். கட்டிய பிறகு, பெல்ற் ஊடுருவும் இடத்தில் சீற்றைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்றிமீற்றருக்கு மேல் அசையக் கூடாது. வான் ஆசனம் பின்பக்கம் சரிந்திருந்தால் குழந்தையின் தலை முன்னே தொங்கும். கையேடு அனுமதித்தால் ஒரு துவாயைச் சுருட்டி சீற்றின் கால்மாட்டில் அடிக்குக் கொடுத்தால் கோணம் சரியாகிவிடும். குழந்தையைக் கட்டும் பட்டி தோளுக்குச் சமமாக அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். தோளருகே பட்டியை நெடுக்காகக் கிள்ளினால் மடிப்பு விரலில் அகப்படக் கூடாது.

இனி அம்மம்மா. “பிள்ளையை என்னிடம் தா, மடியில் வைத்திருக்கிறேன்” என்பார். பதினொரு மாதமாக வீடியோவில் மட்டும் பார்த்த பேத்தி, அவர் கேட்பது நியாயம். ஆனால் மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வான் எதிலாவது மோதி அரை மீற்றருக்குள் நின்றால், பத்துக் கிலோக் குழந்தை அந்தக் கணத்தில் சுமார் இருநூறு கிலோவாக முன்னே பாயும். எந்தக் கையும் தாங்காது. குழந்தையின் தலை உடலில் கிட்டத்தட்டக் கால்வாசி நீளம், கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. பின்நோக்கி இருந்தால் அந்த விசையைச் சீற்றின் முதுகு ஏற்றுக்கொள்ளும். அம்மம்மாவைச் சீற்றுக்குப் பக்கத்தில் இருத்தினோம். புத்தளம் வரை குழந்தையின் காலைப் பிடித்தபடியே வந்தார். “கால் மடங்கிக் கிடக்கிறதே” என்பது அடுத்த முறைப்பாடு. மடங்கலாம், அதனால் ஒன்றும் ஆகாது. ஆர்129இன்படி குறைந்தது பதினைந்து மாதம் வரை பின்நோக்கித்தான். சீற்றின் எடை, உயர எல்லைக்குள் இருக்கும்வரை அப்படியே வைத்திருப்பது இன்னும் நல்லது.

ஏழெட்டு மணி நேரப் பயணம், பகலில் போங்கள். இரவில் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், சாரதிக்கும் கண் சொக்கும். இரவில் இறங்குகிறவர்கள் நீர்கொழும்பில் தங்கிவிட்டு விடியப் புறப்படலாம். இரண்டு மணிக்கொருமுறை, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று நிறுத்திக் குழந்தையை வெளியே எடுங்கள். பால் கொடுப்பதும் அப்போதுதான், ஓடும் வானில் அவிழ்க்கக் கூடாது. குளிர்காற்று சீற்றின் முதுகில் பட்டுத் திரும்பிவிடும் என்பதால் மெல்லிய பருத்திச் சட்டை போதும். குழந்தை இருக்கும்போது வெயிலுக்கென்று சீற்றை மூடித் துணி போர்த்த வேண்டாம். நிறுத்தி இறங்கும்போது வெறும் சீற்றின் மேல் வெள்ளைத் துவாயை விரித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது பூட்டின் இரும்பு சுடும்.

ஊருக்குள் ஓட்டோவில் இந்தச் சீற் பயன்படாது, கட்டுவதற்குப் பெல்ற் இல்லை. திருநெல்வேலிச் சந்தைக்கும் நல்லூருக்கும் நாங்கள் சித்தப்பாவின் காரையே கெஞ்சிக் கேட்டு எடுத்தோம். முதல் நாள் முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் சீற்றைக் கழற்றப் போனபோது, “அது கிடக்கட்டும், நாளைக்கும் போவீர்கள்தானே” என்றார்.